திருத்தியதை மறக்காத கணக்கு

மையால் எழுதிய கணக்கில் ஒரு தொகையைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. பழைய எண்ணின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் வைப்பார்கள். கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கும்படியே இருக்கும். சுரண்டினால் தாள் மெலிந்துவிடும். பக்கத்தையே கிழித்தால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். 1494இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூகா பாச்சோலி, கணக்குப் புத்தகங்களை வணிகர்களுக்கான அலுவலகத்தில் காட்டிப் பதிவு செய்துகொள்ளும் வழக்கத்தைப் பாராட்டுகிறார். வாங்குபவருக்கு ஒரு புத்தகம், விற்பவருக்கு இன்னொரு புத்தகம் என்று வைத்திருந்த ஆட்கள் அன்றைக்கே இருந்தார்கள்!

கணினி வந்ததும் தாள் தானாகவே கொடுத்துவந்த இந்தக் காவல் சத்தமில்லாமல் போய்விட்டது. டேட்டாபேஸில் ஓர் எண்ணை மாற்றினால், அந்த இடத்தில் புதிய எண் உட்கார்ந்துகொள்ளும். பழைய எண் இருந்த சுவடே திரையில் தெரியாது. ஒரு கம்பெனி ஏப்ரல் 3ஆம் தேதி 4,80,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒருவர் அந்த வவுச்சரைத் திறந்து தேதியை மார்ச் 29 என்று மாற்றி என்டர் தட்டுகிறார். இந்த ஆண்டின் விற்பனை போன ஆண்டுக்குப் போய்விட்டது. போன ஆண்டின் லாபம் கூடிவிட்டது. அந்த லாபத்தைப் பார்த்து வங்கி கடன் கொடுக்கும், பங்கு வாங்குகிறவர் பணம் போடுவார். தொகை சரி, வாடிக்கையாளர் சரி, பில்லும் உண்மையானது. நான்கு மாதம் கழித்து ஆடிட்டர் வந்து அந்த வவுச்சரைப் பார்த்தால், அது மார்ச் 29இலேயே பிறந்தது போலத்தான் இருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் கம்பெனிகள் கணக்கு விதிகளில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. கம்பெனிகள் தயாராக வேண்டும் என்பதால் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணக்கு எழுத மென்பொருள் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், எல்லாப் பரிவர்த்தனைக்கும் தடம் வைக்கும் மென்பொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் நடந்த தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை யாராலும் அணைத்துவைக்க முடியக் கூடாது. சிறு கம்பெனி, ஒரு நபர் கம்பெனி என்று யாருக்கும் விலக்கு இல்லை. டேலியில் வேலை செய்பவர்கள் இதை எடிட் லாக் என்பார்கள். அதைத் திறந்தால், நம் வவுச்சரை முதலில் யார் எந்த நேரத்தில் பதிந்தார், பிறகு யார் திருத்தினார், ஏப்ரல் 3 எப்போது மார்ச் 29 ஆனது என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். கையால் எழுதும் கணக்குக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. மைக்கு அது தேவைப்படவும் இல்லை.

திருத்தக் கூடாது என்று விதி எங்கும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கணக்கு எழுதுகிறவர்கள் மனிதர்கள். தேதி மாறும், ஒரு சைபர் கூடும். நேர்மையாகத் திருத்துகிறவருக்கு இந்தப் பதிவே சாட்சி.

ஆனால் அந்தப் பதிவையே யாராவது திருத்திவிட்டால்? இந்தக் கேள்விக்கு 1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அழகான ஒரு பதில் தந்தார்கள். எந்தக் கோப்பையும் ஒரு கணிதச் சார்பில் போட்டுக் குறுகிய கைரேகை ஒன்றை எடுக்கலாம். இன்று பரவலாக உள்ள ஷா-256 முறையில் அதன் நீளம் 64 எழுத்து. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். ஒவ்வொரு பதிவின் கைரேகையையும் அடுத்த பதிவுக்குள் சேர்த்துக்கொண்டே போனால், நடுவில் ஒன்றில் கைவைத்தவர் அதற்குப் பிறகு வந்த அத்தனையையும் மாற்றியாக வேண்டும். இறுதிக் கைரேகையை ஊரறிய வெளியிட்டுவிட்டால் அதுவும் முடியாது. அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் அதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாகப் போட்டுவந்தது. பிட்காயினுக்கு அடிப்படையான யோசனையும் இதுதான்.

நம் விதி இவ்வளவு தூரம் போகவில்லை. இந்தத் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்றும் கேட்கவில்லை. அதற்குப் பதில் ஆடிட்டரைக் காவலுக்கு வைத்திருக்கிறது. தட வசதி ஆண்டு முழுக்க இயங்கியதா, யாராவது அதில் கைவைத்தார்களா, பதிவுகள் பத்திரமாக உள்ளனவா என்று அவர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். 2023-24க்கான அறிக்கைகளில் பெரிய கம்பெனிகளுக்கும் ஒரு குறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. மென்பொருளுக்குள் நடக்கும் மாற்றங்கள் பதிவாகின்றன. ஆனால் அடியில் இருக்கும் டேட்டாபேஸை நிர்வகிப்பவர் அங்கேயே நேராகப் போய் மாற்றினால் பதிவாவதில்லை. வாசலில் கேமரா வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த நிலைதான்.

இதைவிட ஆழமான எல்லை ஒன்றும் உண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7ஆம் தேதி எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 6,000க்கும் மேற்பட்ட போலி பில்களும், அவற்றுக்குப் பணம் வந்ததாகக் காட்டும் போலி வங்கி அறிக்கைகளும் தயாரிக்கப்பட்டதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் சொன்னது. அங்கே எடிட் லாக் இருந்திருந்தால்? முதல் முறையே நேர்த்தியாகப் பதிந்த பொய்யைத் திருத்த வேண்டிய அவசியமே வராது. அந்த பில்லை யாருடைய பெயரில், எந்த நேரத்தில் பதிந்தார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கும். விசாரணைக்கு அது பெரிய உதவிதான். பொய்யை உடைத்திருக்கக்கூடியது மிகப் பழைய ஒரு வழக்கம்: ஆடிட்டர் வங்கிக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, பதிலையும் நேரடியாக வாங்குவது. சத்யத்தில் தணிக்கையாளர்கள் அந்தக் கடிதப் போக்குவரத்தைக் கம்பெனியின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்பது அந்த ஆணையத்தின் குற்றச்சாட்டு.

கம்பெனிகள் சட்டப்படி கணக்குகளை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் யாரோ மாற்றிய ஒரு தேதி 2032 மார்ச் வரை கேட்கும்போது எடுத்துக் காட்டும்படி இருந்தாக வேண்டும். ஆனால் இந்தக் கட்டாயம் கம்பெனிகளோடு நின்றுவிடுகிறது. பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை நிறுவனங்கள், அதாவது எல்எல்பிகள், இதற்குள் வரவில்லை. அவற்றையும் கொண்டுவர வேண்டும் என்றே நினைக்கிறேன். விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டிய எல்எல்பிக்குத் தணிக்கை ஏற்கெனவே கட்டாயம். ஆடிட்டர் எப்படியும் அங்கே வந்து உட்காருகிறார். எடிட் லாக்கையும் திறந்து பார்க்கச் சொல்வது அவருக்குப் புது வேலையாக இருக்காது.