ஏற்றத்திற்கும் சமவெளிக்கும் ஏற்ற பற்சக்கரம்

சென்ற ஆண்டு என் தங்கை மகன் சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் சைக்கிளில் புறப்பட்டான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அது. ஐந்தாம் வளைவை நெருங்குகையில் சங்கிலி விறைத்து இறுகி, கியர் மாற்றும் கருவி முறிந்து, பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கியது. முழங்கையில் காயத்தோடு தப்பினான். எல்லாப் புகழும் இறைவனுக்கே!

"ஏற்றம் இலகுவாகட்டும் என்றுதான் பின்னால் பெரிய பற்சக்கரம் போட்டேன், மாமு" என்றான். அவன் எண்ணம் சரியே. பொருத்தம் பாராததுதான் பிழை. பிள்ளைகளுக்குக் கியர் சைக்கிள் வாங்கித் தரும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

கணக்கு எளிதே

முன்சக்கரப் பற்களைப் பின்சக்கரப் பற்களால் வகுத்தால், மிதிகட்டை ஒருமுறை சுற்றும்போது பின் டயர் எத்தனை முறை சுற்றும் என்பது விளங்கும். முன்னால் 44, பின்னால் 18 பற்களுள்ள சாதாரணச் சைக்கிள் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகமே இயலுமெனில், கால்கள் நிமிடத்திற்கு 25 சுற்றுகளே சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் உடலின் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். முன்னும் பின்னும் 34 பற்கள் இருப்பின் ஒரு மிதிக்குச் சுமார் 2.1 மீட்டர், அதே வேகத்தில் 63 சுற்றுகள். மூச்சு வாங்கினாலும் மூட்டு தப்பும்.

ஆனால் சமவெளியில் மணிக்கு 25 கிலோமீட்டர் செல்ல அதே பல் உதவாது. நிமிடத்திற்கு 200 முறை மிதிக்க நேரும்! அங்கே முன்னால் 50, பின்னால் 17 என்பது போன்ற இணை வேண்டும். ஆகவே இரண்டுக்கும் இடமளிக்கும் தொகுதியே தேவை.

பொருத்தம் பார்ப்பது எவ்வாறு?

கியர் மாற்றும் கருவி ஒவ்வொன்றுக்கும் இரு வரம்புகள் உண்டு. ஒன்று, அது ஏற்கும் மிகப் பெரிய பின்பல். மற்றொன்று, அது இழுத்துப் பிடிக்கும் சங்கிலித் தளர்வு. முன்னால் 50, 34, பின்னால் 28 முதல் 11 வரை எனில், வித்தியாசங்கள் 16, 17, கூட்டினால் 33. என் மருமகனின் கருவிக்கு அதுவே எல்லை. அவன் 28ஐ நீக்கி 34 பற்களுள்ள தொகுதியைப் பூட்டினான்; கூட்டுத்தொகை 39 ஆயிற்று. சங்கிலியையும் நீட்டவில்லை. முன்னும் பின்னும் பெரிய பற்களில் சங்கிலி விழுந்ததும் கருவி முறிந்தது.

பின்பற்சக்கரங்களின் எண்ணிக்கையும் முக்கியம். எட்டுக்குரிய சங்கிலி அகலமானது, பதினொன்றுக்குரியது ஒடுங்கியது. கைப்பிடியிலுள்ள விசையும் அதே எண்ணிக்கைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். திருகிப் பூட்டும் பழைய பிரீவீலும், செருகிப் பூட்டும் புதிய கேசட்டும் ஒரே ஹப்பில் பொருந்தா.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். இன்று விரலசைவில் மாறுகிறது. பொருத்தத்தை மட்டும் நாமே பார்த்தாக வேண்டும்.

எனவே பற்சக்கரத்தை மாற்றினால், கடையிலேயே சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, முன்னும் பின்னும் பெரிய பற்களில் சங்கிலியை மெல்ல ஏற்றிப் பாருங்கள். கருவி விறைத்து நீண்டால் அது பொருந்தாதது. அச்சிறு சோதனையை அன்று செய்திருந்தால், என் தங்கை அம்மாலையைக் கண்ணீரோடு கழித்திருக்க மாட்டாள்.