வீட்டில் செய்யும் ஹெலிகாப்டர்: எதை முதலில் வாங்குவது?

மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றைத் தம் கையாலேயே செய்து பறக்கவிட வேண்டும் என்று புறப்படும் மாணவர் பெரும்பாலும் முதலில் வாங்கி வருவது மோட்டார்களைத்தான். அவற்றுள்ளும் மிக வேகமாகச் சுழல்வது எதுவோ, அதுவே நல்லது என்று எண்ணி வாங்குகிறார். பிறகு அதற்கு ஒரு விசிறி, ஒரு பாட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். எல்லாவற்றையும் பூட்டி இயக்கினால் மோட்டார் புகைகிறது. அல்லது கருவி தரையைவிட்டு எழ மறுக்கிறது. சில ஆயிரம் ரூபாய் வீண். குறை எந்த ஓர் உறுப்பிலும் இல்லை. அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவே.

உறுப்புகளைப் பற்றிப் பேசுமுன், எந்த வகை ஹெலிகாப்டர் என்பதை முடிவு செய்துகொள்வோம். தலைமேல் ஒரு பெரிய சுழலி, வாலில் ஒரு சிறிய சுழலி என்பது நாம் அறிந்த அமைப்பு. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் 1970-ஆம் ஆண்டையொட்டி இத்தகைய மாதிரிகளை ரேடியோ மூலம் இயக்கி வெற்றி கண்டார். ஆனால் இதில் சுழலியின் இதழ்கள் ஒவ்வொரு சுற்றிலும் தம் சாய்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான நெம்புகோல்களும் மூட்டுகளும் மிகத் துல்லியமாக அமைய வேண்டும். லேத் பட்டறையில் பழகியவர்க்கே அது கைவரும்.

நான்கு சுழலிகள் கொண்ட குவாட்காப்டரோ அமைப்பில் எளியது. நான்கு மோட்டார்களும் அவற்றில் பூட்டிய நான்கு விசிறிகளும் தவிர, அசையும் உறுப்பே கிடையாது. இது புதிய கற்பனையும் அன்று. பிரான்சில் எத்தியேன் ஓமிஷென் 1924-ஆம் ஆண்டிலேயே நான்கு பெரிய சுழலிகள் கொண்ட ஹெலிகாப்டரில் ஒரு கிலோமீட்டர் வட்டமடித்துத் திரும்பினார். ஆனால் சமநிலை காக்கவும் திசை திருப்பவும் அவருக்கு மேலும் பல சிறு விசிறிகள் தேவைப்பட்டன. அன்று அவை செய்த வேலையை இன்று தீப்பெட்டியளவு மின்னணு அட்டை ஒன்று செய்துவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். முதற் கேள்வி எடை. நான்கு கைகளுடன் 450 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் சட்டம் ஏறத்தாழ 280 கிராம் இருக்கும். மோட்டார் ஒன்றுக்கு 50 கிராம் வீதம் 200 கிராம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நான்கும் சேர்ந்து 100 கிராம். விசிறிகள் 50, பாட்டரி 180, மின்னணு அட்டையும் ரேடியோ ஏற்பியும் 60, கம்பி, திருகாணி வகையறா 80. மொத்தம் 950 கிராம். கடைசியில் சொன்னதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. எல்லாரும் ஏமாறுவதும் அங்கேதான். வாங்குமுன் ஒரு தாளில் இப்படி எழுதிக் கூட்டிப் பார்ப்பது காசு செலவில்லாத வேலை.

கருவி அந்தரத்தில் நிற்க, நான்கு விசிறிகளும் சேர்ந்து 950 கிராம் தூக்க வேண்டும். மேலே ஏறவும், காற்று வீசினால் சமாளிக்கவும் கையிருப்பு வேண்டுமல்லவா? ஆகவே முழு வேகத்தில் எடையைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 1,900 கிராம் தூக்கும் திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மோட்டாரின் பங்கு 475 கிராம்.

அடுத்தது விசிறி, மோட்டார் அன்று. விசிறி காற்றைக் கீழே தள்ளுவதால்தான் கருவி மேலே நிற்கிறது. நிறையக் காற்றை மெல்லத் தள்ளலாம். கொஞ்சம் காற்றை வேகமாகவும் தள்ளலாம். தூக்குவிசை ஒன்றே ஆனாலும் முன்னதற்குத் திறன் குறைவாகவே செலவாகும். எனவே சட்டத்தில் ஒன்றோடொன்று இடிக்காமல் பொருந்தக்கூடிய மிகப் பெரிய விசிறியைத் தேர்ந்தெடுப்பது நலம். நம் சட்டத்துக்கு அது 10 அங்குலம். விசிறியின் மேல் ‘10 x 4.5’ என்று பொறித்திருந்தால் முதல் எண் விட்டம். இரண்டாவது, வழுக்காமல் திருகு போல் சென்றால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. 10 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குல விசிறி போட்டால், அதே எடையைத் தாங்க ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும்.

இப்போது மோட்டார். கரித்துண்டு உராயாத ‘பிரஷ்லெஸ்’ வகையே இதற்கு ஏற்றது. அதன்மேல் ‘கே.வி. 1000’ என்பது போல ஓர் எண் இருக்கும். மின்நிலையங்களில் சொல்லும் கிலோவோல்ட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுமையின்றி ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே இதன் பொருள். 11.1 வோல்ட் பாட்டரியில் இது 11,100 சுற்று. 10 அங்குல விசிறிக்கு 1000 கே.வி.யை ஒட்டிய மோட்டார் பொருந்தும். சுமார் 700 கிராம் தூக்கும். அதே விசிறியை 2200 கே.வி. மோட்டாரில் மாட்டினால் என்ன ஆகும்? ஒரே விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது உறிஞ்சும் திறன் எட்டு மடங்காகிறது. மோட்டார் அந்த வேகத்தை எட்ட முயன்று, எட்ட முடியாமல், அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிக் கருகும். தொடக்கத்தில் கண்ட புகையின் காரணம் இதுவே. அத்தகைய வேக மோட்டார்கள் 5, 6 அங்குலச் சிறு விசிறிகளுக்கு உரியவை.

நம் மோட்டார் முழு வேகத்தில் 12 அல்லது 13 ஆம்பியர் இழுக்கும். ஆகவே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 20 ஆம்பியர் தாங்குவதாக இருந்தால் போதும். 30 ஆனால் கவலையே இல்லை.

பாட்டரியில்தான் ஆசை கண்ணை மறைக்கிறது. லித்தியம் பாலிமர் கலம் ஒன்று சராசரியாக 3.7 வோல்ட் தரும். மூன்று சேர்ந்தால் 11.1. கொள்ளளவு 2,200 மில்லி ஆம்பியர்-மணி என்க. அதன்மேல் ‘25 சி’ என்றிருந்தால் 2.2-ஐ 25-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 55 ஆம்பியர் வரை தரும் என்கிறது. நான்கு மோட்டார்களின் உச்சத் தேவை 52. கணக்கு நூலிழையில் சரியாகிறது. 35 சி வாங்குவது விவேகம்.

அந்தரத்தில் நிற்க நம் கருவிக்குச் சுமார் 110 வாட் செலவாகும், அதாவது 10 ஆம்பியர். பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டுமே பயன்படுத்துவோம். அதன்படி பத்து நிமிடம் பறக்கலாம். பாட்டரியை இரட்டிப்பாக்கினால் இருபது நிமிடமா? என் முதல் கருவியில் நானும் அப்படித்தான் எண்ணி இரண்டைக் கட்டினேன். கிடைத்தது பதினைந்து நிமிடம். இரண்டாவது பாட்டரி தன்னையே சுமக்க வேண்டியிருக்கிறதே! எடை 19 விழுக்காடு கூடினால் திறன் தேவை 30 விழுக்காடு கூடுகிறது. மோட்டாரின் கையிருப்புத் திறனும் குறைகிறது.

இவ்வகைப் பாட்டரி தீப்பற்றக் கூடியது. கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது; 3.5-க்குக் கீழ் இறங்குமுன் கருவியைத் தரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கலங்களைத் தனித்தனியே சமன் செய்து ஏற்றும் சார்ஜர் அவசியம். ஏற்றும்போது அருகிலேயே இருங்கள். உப்பிப்போன பாட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மற்றவற்றில் சிக்கனம் பார்த்தாலும் சார்ஜரில் பார்க்க வேண்டாம்.

மின்னணு அட்டையில் உள்ள நுண்ணிய கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் கருவியின் சாய்வை ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை அளந்து, எந்த மோட்டாரைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவு செய்கின்றன. விசிறி சமன்கெட்டு அதிர்ந்தால் இவை குழம்பும். ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆறு சேனல் கொண்டதாக இருக்கட்டும். பறப்பதற்கு நான்கே போதும். ஐந்தாவது மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுக்கு. அலை துண்டிக்கப்பட்டால் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே அமைத்துவிடுங்கள்.

உண்மை ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றாலும், கீழிருந்து மோதும் காற்றால் சுழலி சுழன்றுகொண்டிருக்க, மெல்ல இறங்க முடியும். குவாட்காப்டருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு மோட்டார் நின்றால் கவிழ்ந்து விழும். ஆட்கள் தலைக்கு மேல் பறக்கவிடக் கூடாது என்பது இதனால்தான். நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளும் எடையைக் கொண்டே வகை பிரித்தன: 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. நம்முடையது இரண்டாம் வகை. பறக்கவிடும் இடம் அனுமதிக்கப்பட்ட பகுதிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதற் சோதனையை விசிறிகள் இல்லாமலே செய்யுங்கள்; 10 அங்குல விசிறி விரலைப் பதம் பார்த்துவிடும். மூலைக்கு மூலை எதிரெதிரே உள்ள மோட்டார்கள் ஒரே திசையிலும், அடுத்தடுத்துள்ளவை எதிர்த் திசையிலும் சுழல வேண்டும். அப்போதுதான் எதிர்த்திருப்பு விசைகள் ஒன்றையொன்று ஈடு செய்து, கருவி பம்பரம் போல் சுற்றாமல் நிற்கும். மோட்டார் தண்டில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினால் திசை தெரியும். தவறாகச் சுழல்கிறதா? பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிப் பூட்டுங்கள், திசை மாறிவிடும்.