வன்தட்டு ஏன் மந்தமாகிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்த பின்னும் கடைமடை வயலுக்கு நீர் வந்து சேரவில்லையென்றால், அனுபவமுள்ள விவசாயி உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் வாய்க்கால் கரையோடு நடந்து பார்க்கிறார். மேலே நீர் குறைவா, மடை அடைத்துக் கிடக்கிறதா, அமலைச் செடி மண்டியிருக்கிறதா, கரை உடைந்து நீர் வேறு பக்கம் போகிறதா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்த பிறகே வேலையைத் தொடங்குகிறார். ஆனால் வீட்டுக் கணிப்பொறி மெதுவாக ஓடும்போது மட்டும் நாம் இந்தப் பொறுமையைக் கைவிட்டு விடுகிறோம். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்கிறார் ஒருவர். "பழைய இரும்புக்குப் போடு" என்கிறார் மற்றொருவர். இரண்டும் ஆராயாமல் கூறும் முடிவுகளே.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம் பகுதியில் பல வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணிப்பொறி நுழைந்தது அந்த வழியில்தான். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் இருந்தது சுழலும் வன்தட்டு. இன்று நாம் இரண்டாம் கையாக வாங்கும் மேசைக் கணிப்பொறிகள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. எனவே ஹார்டு டிஸ்க் எனப்படும் இந்த வன்தட்டின் இயல்பை அறிந்துகொள்வது நம் போன்றோருக்கு மிகவும் பயனுடையதாகும்.

வன்தட்டு என்பது யாது?

ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் உலகின் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அந்த இயந்திரம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அவ்வளவு பெரிய பொறி சேமித்தது சுமார் 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு அதைப்போல் இலட்சம் மடங்குக்கு மேல் சேமிக்கிறது. ஆயினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு கை அசைந்து சென்று, நுனியில் உள்ள சிறு தலையினால் படிக்கிறது, எழுதுகிறது.

பழைய இசைத்தட்டின் முள்ளை இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இசைத்தட்டில் முள் தட்டைத் தொடும். வன்தட்டில் தலை தட்டைத் தொடாமல் ஒருசில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர்! ஒரு தூசி உள்ளே போனால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். வன்தட்டின் மூடியை வீட்டில் கழற்றவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வேகத்தின் கணக்கு

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி ஆகிறது. நமக்கு வேண்டிய தகவல் தலைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். கை உரிய தடத்திற்கு நகர மேலும் 9 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்க 13 மில்லி நொடி. அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 75 துண்டுகளைத்தான் எடுக்க முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 300 கிலோபைட் மட்டுமே!

அதே வன்தட்டு, தகவல் தொடர்ச்சியாக இருந்தால் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரவல்லது. ஒரே தட்டில் முந்நூறு மடங்கு வேறுபாடு! ஆகவே மந்தம் எல்லாம் நோய் அன்று. சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்டால் நல்ல வன்தட்டும் திணறத்தான் செய்யும்.

இனி நோயின் கணக்கைப் பார்ப்போம். தட்டின் ஒரு பகுதி பழுதாகிவிட்டால், வன்தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த சுற்றில் மீண்டும் படிக்க முயல்கிறது. முடியாவிட்டால் மறுபடியும் முயல்கிறது. இவ்வாறு ஐந்து நொடி முயன்றால் 600 சுற்றுகள் வீணாகின்றன. அந்த நேரம் முழுவதும் திரை உறைந்து நிற்கும். நாம் "கணிப்பொறி ஸ்லோ" என்கிறோம். உண்மையில் அது உதவி கேட்டுக் கூப்பிடுகிறது.

நான் செய்த தவறு

என் தாயார் உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளை எங்கள் வீட்டுப் பழைய கணிப்பொறியில் நான் எழுதி வந்தேன். பன்னிரண்டு பேரின் மாதச் சேமிப்பும், உள்கடனும், வட்டியும் அதில் இருந்தன. பீடி சுற்றியும் வயல் வேலை செய்தும் சேர்த்த பணத்தின் கணக்கு அது. அடுத்த கடனுக்காக வங்கியில் கணக்கு காட்ட வேண்டிய வாரத்தில் கணிப்பொறி மிகவும் மந்தமாகியது. மூன்று நிமிடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது.

நான் என்ன செய்தேன்? தட்டு முழுவதையும் சோதித்துத் திருத்தும் 'செக்டிஸ்க்' கட்டளையைக் கொடுத்துவிட்டு உறங்கப் போனேன். அறிவியல் மாணவன் என்ற பெருமை வேறு! விடிந்து பார்த்தால் கணிப்பொறி எழும்பவே இல்லை. தளர்ந்த நோயாளியை மருத்துவரிடம் கூட்டிச் செல்வதற்கு முன் ஊரைச் சுற்றி ஓடவிட்டது போன்ற செயல் அது. பழுதுபடத் தொடங்கிய தட்டை முழுவதும் படிக்க வைத்தால், இருக்கும் கொஞ்ச நஞ்சப் பலமும் போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதற்படி: நகல் எடுத்தல்

ஆகவே நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய முதல் விதி இது. மந்தம் திடீரென்று வந்ததா? முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்திற்குப் படியெடுங்கள். ஆராய்ச்சியும் சிகிச்சையும் பிறகு. 'டக், டக்' என்று ஒரே சீராக ஒலி கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். தகவல் மிக மிக இன்றியமையாதது என்றால் அதை மீட்கும் வல்லுநரிடமே கொடுக்க வேண்டும்.

ஒலி இல்லை, ஆனால் இயங்குதளம் எழும்பவில்லை என்றால், பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, வன்தட்டில் எதையும் எழுதாமல் கோப்புகளைப் படியெடுக்கலாம். 'டிடிரெஸ்க்யூ' என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் மற்றொரு தட்டுக்குப் படியெடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும். வெள்ளம் வந்த வயலில் நிற்கும் கதிரை முதலில் அறுத்துக்கொள்வது போல!

இரண்டாம் படி: எங்கே அடைப்பு?

நகல் எடுத்த பின் அமைதியாகச் சோதிக்கலாம். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து நினைவகம், வட்டு ஆகிய இரண்டையும் பாருங்கள். நினைவகத்தை நெல்லடிக்கும் களம் என்றும், வன்தட்டை நெல் சேமிக்கும் குலுக்கை என்றும் கொள்ளலாம். களம் சிறிதாக இருந்தால், அடித்த நெல்லை அடிக்கடி குலுக்கையில் போட்டு மீண்டும் அள்ள வேண்டியிருக்கும். நினைவகம் நிரம்பி வழியும்போது கணிப்பொறி செய்வதும் அதுவே. இங்கே குற்றம் வன்தட்டினுடையது அன்று. தேவையற்ற நிரல்களைத் தொடக்கத்திலிருந்து நீக்குவதும், நினைவகத்தைக் கூட்டுவதுமே மருந்து.

நினைவகத்தில் இடம் இருந்தும் வட்டு 100 விழுக்காடு என்று காட்டி, தகவல் மட்டும் சொற்பமாக நகர்ந்தால் எந்த நிரல் வட்டைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வைரஸ் தடுப்புச் சோதனையோ, இயங்குதளப் புதுப்பிப்போ ஓடினால் அது முடியும் வரை காத்திருக்கலாம். எதுவுமே ஓடாமல் அப்படிக் காட்டினால் வன்தட்டின் மேல் ஐயம் கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: நாடி பார்த்தல்

ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பேட்டிற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ', லினக்ஸில் 'ஸ்மார்ட்கன்ட்ரோல்' ஆகிய இலவச மென்பொருள்கள் அதைப் படித்துக் காட்டும். அதில் நான்கு எண்களைக் கவனித்தால் போதும்.

5-ஆம் எண், பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் தொகை. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தவிப்பில் உள்ள பகுதிகள். 198-ஆம் எண், தட்டு தானே சோதித்தும் மீட்க முடியாதவை. இம்மூன்றும் சுழியாக இருப்பதே நலம். நாளுக்கு நாள் கூடினால் வன்தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. 199-ஆம் எண் வேறு வகை. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தகவல் கெட்டுப்போன தடவைகளை அது காட்டும். பெரும்பாலும் இணைப்புக் கம்பியின் குறை அது. கம்பியை மாற்றிய பின் அந்த எண் மேலும் ஏறாவிட்டால் நோய் தீர்ந்தது எனலாம். சிறிய செலவில் முடியும் வேலைக்குப் புதுக் கணிப்பொறி வாங்குவோரும் உண்டு!

இந்தக் குறிப்பேட்டையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. கூகுள் நிறுவன ஆய்வாளர் மூவர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். தட்டைத் துருவும்போது முதல் பிழை தோன்றிய வன்தட்டு, பிழையில்லாததைக் காட்டிலும் அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டனர். அதே ஆய்வில், பழுதான தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை எந்த முன்னறிவிப்பும் தராமலே பழுதாயின. எனவே கெட்ட செய்தி வந்தால் நம்புங்கள். நல்ல செய்தி வந்தால் மட்டும் அலட்சியமாக இராதீர்கள்.

நான்காம் படி: மருந்து

எண்கள் எல்லாம் நலமாக இருந்தால் சிறு வைத்தியங்கள் செய்யலாம். தட்டில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் 'டிஃப்ராக்' செய்யலாம். ஆனால் நோயுற்ற தட்டுக்கு இதைச் செய்யக் கூடாது. எனது தவறு போன்றே முடியும். மின்சாரம் அடிக்கடி வந்துபோகும் வீட்டில் யு.பி.எஸ். ஒன்று வைப்பது நன்று.

எண்கள் கெட்டிருந்தால் மாற்றுவதே முறை. அவ்வாறு மாற்றும்போது சுழலாத திண்மத் தட்டாகிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவது சிறந்தது. அதில் சுழலும் தட்டும் இல்லை, அசையும் கையும் இல்லை. 13 மில்லி நொடி காத்திருப்பு ஒரு மில்லி நொடிக்கும் கீழே வந்துவிடும். அதற்கு 'டிஃப்ராக்' தேவையில்லை. பத்தாண்டுப் பழைய கணிப்பொறியும் இதனால் புத்துயிர் பெறுகிறது. ஆனால் அதுவும் அழியாத பொருள் அன்று. பழுதாகும்போது சிறு ஒலிகூடச் செய்யாது.

முடிவுரை

எங்கள் குழுக் கணக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் காட்டிய வழியில் லினக்ஸைக் கொண்டு பெரும்பாலானவற்றை மீட்டேன். கடைசி இரண்டு மாதக் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. குழுக் கூட்டத்தில் தலை குனிந்து இதைக் கூறினேன். ஒரு வயதான ஆச்சி, "இதுக்கு ஏன்யா மொகத்தத் தொங்கப் போடுத? என் பாஸ் புஸ்தகம் எங்கிட்ட பத்திரமாத்தான இருக்கு" என்று மடியிலிருந்து எடுத்து வைத்தார். மற்றவர்களும் வீட்டிற்குப் போய் எடுத்து வந்தார்கள். பன்னிரண்டு புத்தகங்களையும் பரப்பி வைத்து, ஒரே மாலையில் இரண்டு மாதக் கணக்கையும் எழுதி முடித்தோம்.

கணிப்பொறி அறிஞர்கள் ஒரு விதி கூறுகின்றனர்: மூன்று படிகள் வேண்டும், அவை இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தைக் கண்ட நமக்கு அந்த மூன்றாம் பகுதியை விளக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கச் சிரமப்படும் அந்தப் பெண்கள் அவ்விதியை அறியாமலே கடைப்பிடித்து வந்தார்கள். கணிப்பொறி கற்ற நான்தான் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன்.

இப்போது மாதக் கூட்டம் முடிந்த அன்றே கணக்கைப் பென் டிரைவில் படியெடுத்து, குழுத் தலைவி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். இதைப் படிக்கும் நண்பர்களும் இன்று மாலை வீடு திரும்பியதும் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குவார்களாக!