எட்டடிப் பட்டி எட்டடிதானா?

16 அடி நீளம், 12 அடி அகலம். திருகோணமலையில் ஒரு வீட்டு மண்டபத்துக்கு இது வழக்கமான அளவு. நான்கு சுவரையும் கூட்டினால் 56 அடி. சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஒட்டுகிற கோர்னிஸ் பட்டி எட்டடி நீளம் என்றால் ஏழு போதும் என்று யாரும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். ஆனால் கடையில் ‘எட்டடி’ என்று பேசி விற்கப்படும் பட்டி 2.4 மீற்றர் நீளத்தில் செய்யப்பட்டதாக இருந்தால் அந்த ஏழும் போதாது. 2.4 மீற்றர் என்பது 7 அடி பத்தரை அங்குலம். பட்டிக்கு ஒன்றரை அங்குலம் குறைகிறது. ஏழு பட்டியில் ஏறக்குறைய 11 அங்குலம் போய்விடும்.

பணத்தைவிட அலைச்சல்தான் இதில் பெரிய நட்டம். மூதூரிலோ கிண்ணியாவிலோ வீடு கட்டுபவர் நகரத்துக்கு வந்து, வான் பிடித்துச் சாமான் ஏற்றிப் போகிறார். ஒரு பட்டி குறைந்தால் மறுபடி அதே பயணம், அதே கூலி. கூலிக்கு வந்த பாஸ் அன்று வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் நாட்சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டாம் முறை வாங்கும் பட்டியின் வெள்ளை முதல் தடவை வாங்கியதோடு பொருந்தாமலும் போகலாம், விலையும் ஏறியிருக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியபோது, பாதியில் நின்ற வீட்டு வேலைகளுக்கு இறக்குமதிச் சாமான் வாங்கப் போனவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் கணக்கை வீட்டுக்காரரே போட வேண்டும். நாடாவைத் தரையில் இழுத்து அளப்பது முதல் தவறு. பழைய வீடுகளில் சுவர் மேலே போகப் போகச் சாய்ந்திருக்கும், பூச்சும் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருக்கும். பட்டி ஒட்டப்போகும் உயரத்தில், ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு சுவரையும் தனித்தனியே அளக்க வேண்டும். எதிர்ச் சுவர் அதே நீளந்தான் என்று ஊகிக்கக் கூடாது. கதவுக்கும் ஜன்னலுக்கும் எதையும் கழிக்க வேண்டாம், கோர்னிஸ் அவற்றுக்கு மேலாகவே ஓடும். தூண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மூன்று முகங்களையும் சேர்க்க வேண்டும். வெளிமூலையில் இரண்டு பக்கப் பட்டியும் சுவரைத் தாண்டிப் போவதால், பட்டி சீலிங்கில் எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு நீளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடும்.

அதன் பிறகுதான் முக்கியமான வேலை. மொத்த அடியைப் பட்டியின் நீளத்தால் வகுத்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. எந்தச் சுவருக்கு எந்தத் துண்டு என்று தாளில் வரைய வேண்டும். மேலே சொன்ன மண்டபத்தில் 16 அடிச் சுவருக்கு 2.4 மீற்றர்ப் பட்டி இரண்டை வைத்தால் மூன்று அங்குலம் வெறுமையாக நிற்கும். அந்த இடத்தில் சின்னத் துண்டு வைத்து ஒட்டுப்போட்டால் விளக்கு வெளிச்சத்தில் அது காட்டிக்கொடுக்கும். கடையில் 3 மீற்றர்ப் பட்டி இருந்தால் அதையே கேட்பது நல்லது. வெட்டில் பிழை நேர்வதற்கும் முனை உடைவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது வழக்கம். 56 அடிக்கு அப்படிக் கூட்டினால் 61 அடி சொச்சம், அதாவது 2.4 மீற்றரில் எட்டுப் பட்டி. ஜிப்சம் பட்டி ஏற்றி இறக்கும்போதே உடையக்கூடியது என்பதால், அதற்கு இன்னும் ஒன்றை வைத்துக்கொள்வதில் வீண்செலவு இல்லை.

துறைமுக ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழை பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. ஈரம் ஊறும் சுவரில் ஜிப்சம் நிலைக்காது. சாதாரண இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளைப் பட்டியில் பழுப்புக் கறை விடும். பிவிசிப் பட்டி சூட்டில் நீளும். மூன்று மீற்றர் பட்டி கூரைச் சூட்டில் மூன்று நான்கு மில்லிமீற்றர் வரை அசையும் என்பதால், சுவரோடு இறுக்கி அடித்தால் வளைந்துபோகும்.

இன்னொரு ஆபத்து உடம்பைத் தாக்குவது. பல பழைய வீடுகளில் சீலிங்காக இருப்பது அஸ்பெஸ்டஸ் தட்டுத்தான். அதில் துளைபோட்டும் அரத்தால் தேய்த்தும் கோர்னிஸ் பொருத்தினால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி மூச்சுக்குள் போகும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. நோய் வெளித்தெரிய இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அப்படிப்பட்ட சீலிங்கைத் தொடாமல், பட்டியைச் சுவரில் மட்டும் பசை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். கூலிக்கு வருகிற இளைஞரின் நுரையீரலுக்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய மரப் பட்டியைச் சுரண்டும்போதும் இதே கவனம் வேண்டும். வர்ணத்தில் ஈயத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை விதித்த உச்ச வரம்பு 2013இலிருந்துதான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும், அந்த நேரம் குழந்தைகளை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி உரிமைக்கு வருவோம். பட்டியையும் விற்று, அளவையும் எடுத்து, வேலையையும் செய்து தருவதாக ஒரே ஆள் வரும்போதுதான் பெரும்பாலான சச்சரவுகள் கிளம்புகின்றன. சீலிங்குக்குச் சதுர அடி விலை, கோர்னிஸுக்கு நீள அடி விலை. பேசும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பில் வரும்போது பிரிந்து நிற்கும். கோர்னிஸ் சீலிங் விலைக்குள் அடக்கமா, வீணாகும் துண்டுக்கு யார் பொறுப்பு, வெட்டாத பட்டியைக் கடை திருப்பி எடுக்குமா ஆகிய மூன்றையும் முற்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்க வேண்டும். கூடவே ஒவ்வொரு சுவரின் அளவையும் எழுதி, இரு தரப்பும் கையொப்பம் போட்டால் பிறகு வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் திகதி, அளவு, விலை குறித்த பற்றுச்சீட்டைக் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். ‘எட்டடிப் பட்டி ஏழு’ என்று எழுதியிருக்க, வீட்டில் அளந்தால் 2.4 மீற்றர் என்றால், அந்தச் சீட்டுத்தான் சாட்சி. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்லி விற்பதை அதே சட்டம் தடுக்கிறது. கூலிக்குச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் வாங்குபவர் தானே தப்பாக அளந்து கூடுதலாக வாங்கியதைத் திருப்பி எடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கடையைக் கட்டாயப்படுத்தாது. அதற்கு முன்கூட்டிப் பேசி எழுதி வாங்கிய வாக்கு மட்டுமே துணை.

சீட்டில் எழுதிய நீளத்துக்குக் குறைந்த பட்டியை மாற்றித்தரக் கடை மறுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லலாம். பணமோ மாற்றுப் பொருளோ வேண்டுமென்றால், வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. பட்டியை ஒட்டியபின் கூலி பற்றி எழும் சின்னப் பணத் தகராறுகளுக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட தகராறு நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் இந்தச் சபையில் பேசி, இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழை வாங்க வேண்டும். அங்கே போகும்போது பற்றுச்சீட்டு, கையொப்பமிட்ட அளவுத் தாள், பட்டிக்குப் பக்கத்தில் நாடாவை வைத்து எடுத்த படம் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுபோகலாம்.