என்ஜினைத் திருத்துவதா, மாற்றுவதா?
வாகனத்தை நம்பி வியாபாரம் செய்வோர் கவனத்துக்கு

மாத்தளை மாவட்டத்தில் சொந்தமாக ஒரு வேனோ சிறிய லொறியோ இல்லாமல் வியாபாரம் செய்வது கடினம். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி ஏற்றவும், இரத்தோட்டை, உக்குவளை பகுதிகளில் மிளகு, கராம்பு சேகரிக்கவும், கண்டியிலிருந்து கடைச் சாமான்கள் கொண்டுவரவும் அந்த வாகனமே கைகொடுக்கிறது. இவற்றில் பல மூன்று, நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பழைய டொல்பின்களும் எல்ஃப் லொறிகளுமாகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இந்த ஐந்து வருடங்களும் பழைய வாகனங்களை ஓட்டியே சமாளித்தோம். இறக்குமதி திறந்தாலும் விலை இறங்கவில்லை. 2020 தொடக்கத்தில் சுமார் 180 ரூபாவாக இருந்த டொலர், 2025இல் 300 ரூபா அளவில் இருந்தது. வரிகளும் அதன்மேல் சேர்கின்றன. ஆகவே, என்ஜின் பழுதானால் "வித்துவிட்டு வேறொன்று எடுப்போம்" என்பது முன்புபோல் இலகுவான பதிலல்ல.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

புகை வந்தவுடன் "என்ஜின் போய்விட்டது" என்று முடிவு செய்யக்கூடாது. கறுப்புப் புகை பெரும்பாலும் எயார் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் சம்பந்தப்பட்டது. அதைக் குறைந்த செலவில் சீர்செய்யலாம். தொடர்ச்சியான வெள்ளைப் புகையுடன் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலப் புகை ஒயில் எரிவதன் அடையாளம். வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

அடுத்து, கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். டீசல் என்ஜினில் பொதுவாக 400 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கவேண்டிய அமுக்கம் எல்லா சிலிண்டர்களிலும் 300க்குக் கீழ் இறங்கியிருந்தால் அது தேய்மானம். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருந்தால் வால்வோ கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம். பெரிய செலவுக்குச் சம்மதிக்குமுன் இந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ஜின் சூடானபின் ஒயில் விளக்கு எரிந்து, அடியில் தட்டும் சத்தமும் கேட்டால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு ட்ரிப்" என்று ஓட்டினால் பெயாரிங்கோடு கிராங்கும் சேர்ந்து கெட்டுவிடும். திருத்தக்கூடிய என்ஜின் அத்தோடு இரும்புக்குத்தான் போகும்.

கணக்குப் போடுங்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போய்வர சுமார் 90 கிலோமீற்றர். மாதம் 25 நாட்கள் ஓடினால் 2,250 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வாகனம் 8 ஆகக் குறைந்தால் மாதம் 56 லீற்றர் டீசல் வீண். 500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடித்தால் மேலும் நாலரை லீற்றர். இவற்றை இன்றைய விலையால் பெருக்கி, 12ஆல் பெருக்குங்கள். ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு செலவு என்பது அப்போது விளங்கும்.

இனி இரண்டு வழிகளையும் ஒப்பிடலாம். முழு ஓவர்ஹோல் செய்தால் உள்ளே என்ன போடப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் லேத் வேலை, சாமான் தேடல் என்று வாரக் கணக்கில் வாகனம் நிற்கும். அந்த நாட்களின் வாடகை வாகனச் செலவையும் சேர்த்தே பாருங்கள். கிராங்கும் பிளொக்கும் நன்றாக இருந்து, கைதேர்ந்த பாஸ் ஒருவரும் கிடைத்தால் இதுவே சிறந்தது.

பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த ஜப்பான் என்ஜினைச் சில நாட்களில் பூட்டிவிடலாம். ஆனால் அது எவ்வளவு ஓடியது என்பது விற்பவருக்கும் தெரியாது. வாங்குமுன் கம்ப்ரெஷன் பாருங்கள். இறக்குமதிப் பத்திரமும், மாற்றித்தரும் காலத்தை எழுதிய பற்றுச்சீட்டும் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். என்ஜின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். இல்லாவிட்டால் விற்கும்போதும் நட்டஈடு கேட்கும்போதும் சிக்கல் வரும்.

எதைச் செய்தாலும் பழைய என்ஜின் ஏன் கெட்டது என்பதைக் கண்டுபிடியுங்கள். அடைத்த ரேடியேட்டரோடு புது என்ஜினைப் பூட்டினால் பலகடுவ ஏற்றத்தில் அதுவும் சூடாகும். ரேடியேட்டர், வோட்டர் பம்ப், டைமிங் பெல்ட் ஆகியவற்றையும் சேர்த்தே பாருங்கள். டொல்பினின் எல் வகை என்ஜினில் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

எப்போது கைவிடுவது?

செஸி துருப்பிடித்து, கியர் பொக்ஸும் தகராறு செய்து, என்ஜின் செலவு வாகனத்தின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் விற்பதே நல்லது. பொடியும் செஸியும் உறுதியாக இருந்தால், கையிலுள்ள காசில் என்ஜினைச் சீர்செய்வது வட்டிக்கு லீசிங் எடுப்பதைவிடப் பாதுகாப்பானது. மாதத் தவணையின் சுமையும் இல்லை, வட்டியின் பாவமும் இல்லை. புதிய வாகனம்தான் வேண்டுமென்றால் வட்டியற்ற இஜாரா, முராபஹா முறைகளை விசாரித்துப் பாருங்கள்.

விற்பதானால் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். தடித்த ஒயில் ஊற்றிப் புகையை மறைத்து, வாங்குபவரின் தலையில் கட்டுவது மோசடி. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. குறையைச் சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் பரக்கத் குறையாது.