வீட்டிலிருந்து வேலையா? 'ஓகே'வை மெயிலில் வாங்குங்கள்!

தொட்டிலில் குழந்தை சிணுங்கும். லேப்டாப்பில் மீட்டிங் அழைப்பு ஒலிக்கும். பிரசவ விடுப்பு முடிந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மாக்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

இவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 2017-ல் மகப்பேறு பயன் சட்டம் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. விடுப்பு முடிந்ததும், பணியின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம் என்ற பிரிவும் சேர்ந்தது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஏற்பாடுதான்.

கவனியுங்கள்... 'அனுமதிக்கலாம்'தான், 'அனுமதிக்க வேண்டும்' அல்ல! எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால், மேலதிகாரி போனில் சொல்லும் 'ஓகே'வோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மாதம், தினமும் எத்தனை மணிக்கு லாக்-அவுட், இன்டர்நெட் செலவு யாருடையது என்பதையெல்லாம் மெயிலில் எழுதி வாங்குங்கள்.

போர்ச்சுகலில் 2022 முதல், வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடும் மின்சார, இன்டர்நெட் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளவும் கூடாது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நாளை ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வந்தால், எடுத்துக் காட்ட அந்த மெயிலாவது கையில் இருக்கட்டும்!