காப்பீட்டுத் திட்டத்தில் இணையாத மருத்துவமனை

காப்பீட்டுத் திட்டத்தில் இணையாத மருத்துவமனை என்பது, அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் நோயாளியிடமே முழுக் கட்டணத்தையும் பெறும் தனியார் மருத்துவமனை ஆகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் குறித்தே பேசப்படுகிறது.

பின்னணி

தமிழ்நாடு அரசு 2009 சூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு மாற்றாக 2012 சனவரி 11 அன்று முதலமைச்சரின் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலில் சேர்க்கப்பட்டன. இவ்வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2018 இல் நடுவண் அரசின் ஆயுசுமான் பாரத் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டது.

விலகுவது யார்?

ஐக்கிய அமெரிக்காவில் 1997 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனிப்பட்ட மருத்துவரே முதியோருக்கான மெடிகேர் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ள வழிசெய்தது. அத்தகைய மருத்துவர் நோயாளியுடன் எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். கட்டணத்தை மெடிகேரிடம் கோர முடியாது. தமிழ்நாட்டிலோ ஒப்பந்தம் மருத்துவருடன் அன்று, மருத்துவமனையுடன் செய்யப்படுகிறது. ஆகவே ஒரே அறுவை மருத்துவர் காலையில் இணைந்த மருத்துவமனையிலும் மாலையில் தமது இணையாத மருத்துவமனையிலும் பணியாற்றக்கூடும். அட்டை முன்னதில் செல்லும், பின்னதில் செல்லாது.

இணைந்த மருத்துவமனை ஒவ்வொரு சிகிச்சைக்கும் வரையறுக்கப்பட்ட தொகையையே பெறலாம். அத்தொகை போதாது, தாமதமாக வருகிறது என்பன மருத்துவமனைகள் தரப்பில் சொல்லப்படும் காரணங்கள். அரியானாவில் நிலுவைத் தொகையை முன்னிட்டு 2025 ஆகத்து மாதத்தில் தனியார் மருத்துவமனைகள் ஆயுசுமான் பாரத் சிகிச்சையை நிறுத்தின. போதிய வசதிகள் இல்லாமையால் சேர இயலாத சிறு மருத்துவமனைகளும் உண்டு; அவற்றை விலகியவை என்பது பொருந்தாது.

பரமத்தி வேலூர் எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள பரமத்தி வேலூர் போன்ற ஊரில், காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரிவதே இல்லை. திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே உரியது. எலும்பு முறிவு, மாரடைப்பு போன்றவற்றில்தான் இழப்பு நேர்கிறது. திட்டத் தொகை மருத்துவமனைக்கே நேரடியாகச் செலுத்தப்படுவதால், இணையாத மருத்துவமனையில் பணம் கட்டிய பின் அட்டையைக் காட்டிப் பயனில்லை. வடக்கே நாமக்கல்லிலும் தெற்கே ஆற்றுக்கு அப்பால் கரூரிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அட்டை செல்லும்.

மருத்துவமனை பட்டியலில் இருந்தாலும், குறிப்பிட்ட மருத்துவப் பிரிவுகளுக்கு மட்டுமே இணைந்திருக்கலாம். எனவே உடல்நிலை இடந்தருமானால், நோயின் பெயரைச் சொல்லி 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் முன்னரே கேட்டறிவது நன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் அருகிலுள்ள மருத்துவமனையே முதன்மையானது.

ஊரையொட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இல் விபத்துக்குள்ளாவோருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அளிக்கிறது. இதற்கு அட்டையோ வருமானச் சான்றோ வேண்டியதில்லை. எனினும் இதுவும் இணைந்த மருத்துவமனைகளிலேயே கிடைக்கும்.

நீதிமன்றத் தீர்ப்பு

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஓய்வுபெற்ற நடுவண் அரசு அலுவலர் ஒருவரின் வழக்கில், அந்த ஒரே காரணத்துக்காகச் செலவை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும் இது அரசுப் பணியாளர் நலத் திட்டம் பற்றியது. முதலமைச்சர் திட்ட அட்டைதாரருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது.